கைண்ட் ஆஃப் ப்ளூ: சித்தி கேட்ட மூன்று கேள்விகள்

போன வருஷம் சித்தி வீட்டுக்கு வந்திருந்தபோது ரெக்கார்டு பிளேயரில் ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் ஓடிக்கொண்டிருந்தார். சித்தி சின்ன வயதிலிருந்து வாய்ப்பாட்டு கற்றவர். இன்றைக்கும் தெருப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லித் தருகிறார். ஜாஸ் என்றால் அவருக்கு இங்கிலீஷ் பாட்டு, அவ்வளவுதான். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்தார்.

"ஏண்டா, இது கரகரப்பிரியாதானே?"

"ஸ்வரம் எல்லாம் அதுதான் சித்தி."

"அதான் கேக்கறேன். ஒரு ஸ்வரத்தையாவது அசைக்கிறானா இவன்? நட்ட கம்பு மாதிரி நிக்குது." இன்னும் அரை நிமிடம் போயிருக்கும். சட்டென்று நிமிர்ந்தார். "இப்ப எதுக்குடா சுருதிய மாத்துனான்?"

1959-இல் வெளிவந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைப் பற்றி நான் படித்தவற்றில் பாதி, சித்தியின் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். அவர் கேட்டது முதல் பாட்டு, 'ஸோ வாட்'. 16 பார், அதாவது 16 சின்னத் தாள வட்டம், ஒரே ஸ்கேல் (ஸ்வர வரிசை). அடுத்த 8 பார் அதே ஸ்கேல், ஆனால் அரை ஸ்வரம் மேலே ஏற்றி. சித்தியின் மூன்றாவது கேள்வி எழுந்தது இங்கேதான். பிறகு 8 பார் பழைய இடத்துக்கே இறக்கம். மொத்தம் 32. ஒன்பது நிமிடம் சொச்சம் ஓடும் பாட்டுக்கு இருக்கும் சரக்கு இவ்வளவுதான். இந்தச் சிக்கனத்தை ஏன் ஒரு புரட்சி என்றார்கள் என்று புரிய, அதற்கு முன்னால் இருந்த செலவாளித்தனத்தைப் பார்க்க வேண்டும்.

மேற்கத்திய இசையில் கார்ட் என்பது மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது. பாட்டு ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே மனோதர்மம் வாசிப்பவர் அந்தந்த நேரத்துக் கார்டுக்குப் பொருந்தும் ஸ்வரத்தில் வந்து விழ வேண்டும். 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லஸ்பியும் வளர்த்த பீபாப் பாணியில் இந்தக் கார்டுகள் குவிந்தன, வேகமும் ஏறியது. ஆசுகவி ஒருவரை நிற்க வைத்து, அடிக்கு இரண்டு எதுகையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பதைப் போல. பாடுகிறவர் கெட்டிக்காரர் என்பது தெரியும். ஆனால் அவருக்குச் சொல்வதற்கு ஏதாவது இருந்ததா என்று யோசிக்க அவருக்கும் நேரமில்லை, நமக்கும் இல்லை. மைல்ஸ் இருபது வயதைத் தொடும் முன்பே பார்க்கரின் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவர். அந்தப் பள்ளியின் உள்ளும் புறமும் அறிந்தவர்.

மாற்று வழியைக் கோட்பாடாக எழுதி வைத்தவர் ஜார்ஜ் ரஸ்ஸல். 1953-இல் வெளிவந்த அவருடைய லிடியன் கோட்பாட்டு நூல், கார்டையும் ஸ்கேலையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது: ஒவ்வொரு கார்டுக்குப் பின்னாலும் ஒரு முழு ஸ்கேல் நிற்கிறது, அதையே வாசிக்கலாமே என்பது அதன் சாரம். லிடியன் என்பது ஸ்வர அளவில் நம்முடைய கல்யாணி. 1958-இல் விமர்சகர் நாட் ஹென்டாஃபிடம் பேசும்போது மைல்ஸும் இதையே தன் பாஷையில் சொன்னார். ஜாஸில் கார்டுகள் அளவுக்கு மீறிப் போய்விட்டன, இனி கார்டு குறையும், அதை வைத்துச் செய்வதற்கான சாத்தியம் கூடும் என்று. அதே ஆண்டு 'மைல்ஸ்டோன்ஸ்' என்ற பாட்டில் சோதித்தும் பார்த்தார்.

சித்தியின் முதல் கேள்விக்கு வருவோம். பியானோவில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸியிலிருந்து தொடங்கினால் சங்கராபரணம். டியை சட்ஜமாக்கினால் கரகரப்பிரியா, ஈயில் தோடி, எஃபில் கல்யாணி, ஜியில் அரிகாம்போதி, ஏயில் நடபைரவி. நம்மவர் கிரகபேதம் என்பதும் அவர்கள் மோட் என்பதும் சந்திக்கும் இடம் இது. சிலப்பதிகார உரை பேசும் ஏழ்பாலையும் குரல் என்ற முதல் ஸ்வரத்தை நகர்த்தி நகர்த்திப் பண் பெயர்ப்பதுதான். கரகரப்பிரியாவைக் கோடிப்பாலை என்று அடையாளம் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. மைல்ஸுக்கு இதெல்லாம் தெரியும் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். ஏழு ஸ்வரத்தை வட்டமாக அடுக்கி வைத்தால், எந்த ஊர்க்காரன் சுற்றி வந்தாலும் இதே வாசல்கள்தான் வரும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'ஸோ வாட்'டில் இருப்பது கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். கரகரப்பிரியா அங்கே இல்லை. எந்த ஸ்வரத்தை அசைக்கணும், எதில் நின்று இளைப்பாறணும், எந்தப் பிடி வந்தால் கேட்பவர் தலை ஆடும் என்ற நூற்றாண்டுக் கணக்கான சொத்து எதுவும் அந்த ஸ்கேலோடு கூட வரவில்லை. காலி மனை. மைல்ஸ் வேண்டுமென்றே காலியாக விட்ட மனை. ஜாஸை ராகத்தோடு ஒப்பிட்டுப் பூரிக்கும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். ராகம் பாடுகிறவருக்கு இலக்கணம் துணைக்கு இருக்கிறது. டோரியன் (டியில் தொடங்கும் அந்த மோடுக்கு அவர்கள் வைத்த பேர்) வாசிக்கிறவருக்கு அப்படி எதுவுமில்லை. கார்டு என்ற ஊன்றுகோலையும் பிடுங்கியாகிவிட்டது. மிஞ்சியது ஏழு ஸ்வரமும் நேரமும்.

நேரத்தைப் பிடித்து வைக்கத் தோதான இடமும் கிடைத்தது. நியூயார்க், கிழக்கு 30-ஆம் தெரு, 207-ஆம் எண். பழைய தேவாலயம் ஒன்றை கொலம்பியா கம்பெனி ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தது. அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை. ஊதிய ஸ்வரம் மேலே போய்த் திரும்பி வரும். பியானோக்காரர் க்ளென் கூல்ட் 1955-இல் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' பதிவு செய்ததும் இங்கேதான். ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் பிளாட், தயாரிப்பாளர் இர்விங் டவுன்சென்ட். 1959 மார்ச் 2 ஒரு நாள், ஏப்ரல் 22 ஒரு நாள். இரண்டே அமர்வுகளில் வேலை முடிந்தது. இரண்டாவது நாள், பேஸ் வாசித்த பால் சேம்பர்ஸுக்கு 24-ஆவது பிறந்தநாள்.

மற்றவர்கள்: ஆல்டோ சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி, டெனரில் ஜான் கோல்ட்ரேன், டிரம்ஸில் ஜிம்மி காப், பியானோவில் பில் எவன்ஸ். எவன்ஸ் சில மாதங்களுக்கு முன்பே குழுவை விட்டுப் போனவர். அவருடைய இடத்துக்கு வந்திருந்த வின்டன் கெல்லி முதல் நாள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது, தன் நாற்காலியில் பழைய ஆள் உட்கார்ந்திருந்தார். மைல்ஸ் முன்கூட்டிச் சொல்லவில்லை. கெல்லிக்கு ஒரே ஒரு பாட்டு கொடுத்தார்கள், 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. அதில் கெல்லி துள்ளுகிற துள்ளலைக் கேட்டால் கோபமெல்லாம் விரல் வழியாகவே இறங்கியிருக்கும் போலிருக்கிறது.

இந்த ஆல்பத்தை மோடல் ஜாஸ் என்பார்கள், கார்டு ஓட்டத்தை விட்டு ஸ்கேலை மட்டும் நம்பும் வகை. ஆனால் அந்தப் பாட்டு சாதாரண 12 பார் ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் பழைய பாட்டு வடிவம்), மோடல் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ப்ளூ இன் கிரீன்' பத்துப் பார் வட்டத்தில் கார்டுகள் நகரும் மெதுநடைப் பாட்டு, அதுவும் கிடையாது. 'ஆல் ப்ளூஸ்' பாதிக் கிணறு: ப்ளூஸ் வடிவத்தின் மேல் அரிகாம்போதி ஸ்கேலைப் போர்த்தியது. முழுமையாக மோடல் என்று சத்தியம் செய்யக்கூடியவை 'ஸோ வாட்'டும் 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்'ஸும் மட்டுமே. ஐந்தில் இரண்டு. ஆனாலும் மோடல் என்று ஒட்டிய பேர் நிலைத்துவிட்டது.

'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்' ஒரு விசித்திரமான ராகமாலிகை. ஐந்து ஸ்கேல்கள் வரிசையாக. ராகத்தோடு சட்ஜமும் இடம் மாறும். ஒவ்வொன்றிலும் எத்தனை பார் தங்குவது என்பது வாசிப்பவர் இஷ்டம். அவர் நகர்ந்தால் மற்றவர்களும் காது கொடுத்துக் கூடவே நகர வேண்டும். நான்காவது ஸ்கேலில் ஸ்பானிய வாடை அடிக்கும். தோடியும் வகுளாபரணமும் மாறி மாறி எட்டிப்பார்ப்பது போல நமக்குக் கேட்கும். தொடக்கத்தில் பியானோவின் இடது கை ஆட்டும் தொட்டில், எவன்ஸ் 1958 டிசம்பரில் தனியாகப் பதிவு செய்த 'பீஸ் பீஸ்' என்ற பாட்டிலிருந்து அப்படியே வந்தது.

எல்லாப் பாட்டுக்கும் மைல்ஸ் பேர்தான் போட்டார்கள். 'ப்ளூ இன் கிரீன்' என்னுடையது என்று எவன்ஸ் பின்னால் சொன்னார். அதே ஆண்டு கடைசியில் எவன்ஸ் தன் குழுவோடு அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது இருவர் பேரும் வந்தது. ஆல்பத்தின் பின்னட்டைக் குறிப்பையும் எவன்ஸே எழுதினார். மெல்லிய தாளில் தூரிகை ஓட்டும் ஜப்பானிய ஓவியத்தை உவமை காட்டினார். தயங்கினால் தாள் கிழியும், அழிக்கவும் திருத்தவும் வழியில்லை. மைல்ஸ் வெறும் குறிப்புக் கோடுகளோடுதான் ஸ்டூடியோவுக்கு வந்தார் என்றும் எழுதினார். எல்லாமே ஒரே மூச்சில் முதல் தடவையிலேயே அமைந்தது என்ற கதை அங்கிருந்து பெருகியது. டேப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: தொடங்கி நிறுத்தி, மறுபடி தொடங்கியவை நிறைய. 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்' முழுதாகவே இரண்டு முறை வாசிக்கப்பட்டது. ஆல்பத்தில் சேராத அந்த இன்னொரு வாசிப்பும் பிற்காலத்தில் வெளிவந்திருக்கிறது.

ஒரே ஒரு இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 'ஸோ வாட்' தொடங்கி ஒன்றரை நிமிடம். அதுவரை பேஸ் கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே ஒலியில் பதில் சொல்வார்கள். அம்மன் கோயிலில் பூசாரி ஒரு வரி சொல்ல, கூட்டம் ஒரு சொல்லில் திருப்பிச் சொல்லுமே, அந்த ஒழுங்கு. அது முடிகிறது, மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கப் போகிறது. சரியாக அந்த நொடியில் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிக்கிறார். கொஞ்சம் அதிகப்படியான அடி. கை மீறிவிட்டது என்று அவரே அப்போது நினைத்தாராம். அந்தக் கூரையின் கீழே சிம்பல் அடங்க மறுக்கிறது. அது கரையக் கரைய, அதற்குள்ளிருந்து ட்ரம்பெட் இரண்டு ஸ்வரத்தோடு வெளியே வருகிறது. நல்ல ஊசியும் நல்ல அழுத்தமும் உள்ள ரெக்கார்டில் அந்தக் கரைசலைக் கடைசித் துளி வரை பின்தொடரலாம். வினைல் ரெக்கார்டு பிரியர்கள் ஊசியைத் தாங்கும் கேட்ரிட்ஜைப் புதிதாக வாங்கியவுடன் இந்த இடத்தைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். நானும் அதில் ஒருத்தன். வெட்கமில்லை.

பிறகு ஆளுக்கு இரண்டு சுற்று, 64 பார். மைல்ஸ் குறைவாக வாசித்து நிறைய விடுகிறார். அவர் விட்ட இடங்களை நாம் நிரப்பிக்கொள்கிறோம். ஸ்டீரியோவில் இடப்பக்கம் கோல்ட்ரேன்: அதே காலி மனையில் மூலை மூலையாக அளந்து, ஒரே சொற்றொடரைத் திருப்பித் திருப்பி வெவ்வேறு பக்கத்திலிருந்து தட்டிப்பார்க்கிறார். வலப்பக்கம் ஆடர்லி. அவரால் சும்மா நிற்க முடியாது. கார்டு இல்லாவிட்டால் என்ன, நானே கொண்டுவருகிறேன் என்று ப்ளூஸையும் பீபாப்பையும் கொட்டுகிறார். எவன்ஸ் ஒரே சுற்று, கொத்துக் கொத்தாக, பாதி மௌனமாக. சட்டம் எல்லோருக்கும் ஒன்று, நடத்தை ஆளுக்கு ஒன்று. மோடல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஆறு ஏழு நிமிடங்களைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இது எல்பி என்ற நெடுந்தட்டுக் காலத்து இசை என்பதும் தற்செயல் இல்லை. 78 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். அதற்குள் மெட்டு சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் வாசித்து, முடித்தாக வேண்டும். ஒரே ஸ்கேலில் அரை நிமிடம் சும்மா நிற்கும் சொகுசுக்கு அங்கே இடமில்லை. 33⅓ சுழற்சி நெடுந்தட்டை 1948-இல் கொண்டுவந்ததும் இதே கொலம்பியாதான். இந்த ஆல்பத்தின் முதல் பக்கம் 25 நிமிடத்துக்குப் பக்கம், இரண்டாவது 21. 'ப்ளூ இன் கிரீன்' முடிந்து ஊசி உள்வளையத்தில் கரகரக்கும்போது எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த நடைக்குப் பிறகு 'ஆல் ப்ளூஸ்' தொடங்குவது, செல்போனில் அடுத்தடுத்து ஓடுவதைவிட எனக்கு எப்போதும் பொருத்தமாகப் படும்.

அந்த முதல் பக்கத்தில் ஒரு வேடிக்கையும் ஒளிந்திருந்தது. மார்ச் 2 அன்று ஓடிய முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாகச் சுழன்றிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அரை ஸ்வரம்கூட இல்லை, அதற்கும் குறைவு. ஆனால் முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் உண்மையில் வாசித்ததைவிட ஓர் இழை மேலேயும் ஓர் இழை வேகமாகவுமே உலகம் முழுக்க விற்றன. ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய பிள்ளைகள் கருவி தப்பா காது தப்பா என்று குழம்பியிருப்பார்கள். அன்றைக்கே பக்கத்தில் ஓடிய காப்பு டேப்பில் வேகம் சரியாக இருந்தது. 1992-இல் அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் திருத்திய பதிப்பு வந்தது. 33 ஆண்டுகள் கழித்து! முதல் அச்சின் உறையில் ஆடர்லியின் பேர் எழுத்துப் பிழையோடு வந்தது, இரண்டாம் பக்கப் பாட்டுகளின் வரிசை முன்பின் மாறியது எல்லாம் இதற்கு முன்னால் சில்லறை. இந்தப் பிழைகள் உள்ள பிரதிதான் சேகரிப்பாளர்களுக்கு அதிக விலை என்பது தனிக்கதை.

ஆல்பம் 1959 ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. ஆகஸ்ட் 25 இரவு, பேர்ட்லேண்ட் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த மைல்ஸ் இடைவேளையில் வாசலில் நின்றபோது, நகர்ந்து போ என்றது போலீஸ். உள்ளே என் பேர் பலகையில் இருக்கிறது, நான் ஏன் போகணும் என்று அவர் கேட்டதற்கு மண்டை உடைந்தது. ரத்தம் வழிந்த வெள்ளைக் கோட்டோடு அவர் நிற்கும் புகைப்படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. இந்த ஆல்பத்தைத் தூக்கம் வரவழைக்கும் மெல்லிசையாக விற்கிறவர்கள் இந்த எட்டு நாள் இடைவெளியைச் சொல்வதில்லை.

பாதிப்பு என்று பார்த்தால், முதல் சாட்சி கோல்ட்ரேன். இரண்டாவது அமர்வு முடிந்து இரண்டு வாரத்துக்குள், மே மாதத்தில், 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவு செய்தார். கார்டுகள் இரண்டு தட்டுக்கு ஒன்றாகத் தலைதெறிக்க மாறும் பாட்டு. கூட வாசித்த பியானோக்காரர் டாமி ஃப்ளானகன் திணறியது ரெக்கார்டிலேயே கேட்கும். அதாவது பழைய வழியை அதன் சுவர் வரைக்கும் ஓட்டிப்பார்த்துவிட்டு, 1960-இல் 'மை ஃபேவரிட் திங்ஸ்' மூலம் மோடல் பக்கம் வந்தார். இரண்டு கார்டின் மேல் நிமிடக்கணக்கில் வாசிப்பது. அவருடைய 'இம்ப்ரெஷன்ஸ்' பாட்டின் எலும்புக்கூடு 'ஸோ வாட்'டேதான்: அதே 16, 8, 8. 1961-இல் 'இந்தியா' என்றே ஒரு பாட்டு வாசித்தார். 1965-இல் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பேர் வைத்தார். மனைவி ஆலிஸ் பின்னாளில் துரியசங்கீதானந்தாவாகி பஜனை பாடியது வரைக்கும் இந்த நூல் நீளும்.

ஜாஸுக்கு வெளியே கசிந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1967-இல் ஜேம்ஸ் பிரவுனின் 'கோல்ட் ஸ்வெட்' வந்தது. தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் பாணி அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அதன் இசையைக் கட்டிய பீ வீ எல்லிஸ், அந்தக் குழல் பதிலை 'ஸோ வாட்'டின் இரண்டு ஸ்வரத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே குடும்ப மூக்கு. ராக் இசைக்காரர் டூயன் ஆல்மன் தன் கிட்டார் வாசிப்புக்கு மைல்ஸையும் கோல்ட்ரேனையும், குறிப்பாக இந்த ஆல்பத்தையும், காரணம் சொன்னார். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ரிச்சர்ட் ரைட் 'ப்ரீத்' பாட்டில் வரும் ஒரு கார்டை இங்கிருந்துதான் எடுத்தேன் என்றார். ராக் குழுக்கள் இரண்டு கார்டை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் மேடையில் அலைந்ததற்கெல்லாம் உரிமம் இங்கே கிடைத்தது. அதில் பாதி சலிப்பூட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். காலி மனை கிடைத்த எல்லோருக்கும் வீடு கட்டத் தெரிந்திருக்கவில்லை.

ஏன் இவ்வளவு தூரம் பரவியது? கற்றுக்கொள்ளச் சுலபம் என்பது ஒரு காரணம். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' வாசிக்கப் பல வருஷப் பயிற்சி வேண்டும். 'ஸோ வாட்'டின் அமைப்பைப் பியானோ தெரிந்த ஒரு பிள்ளைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லித் தந்துவிடலாம். வெள்ளைக் கட்டை, பிறகு அரை ஸ்வரம் மேலே, பிறகு வெள்ளைக் கட்டை. ஜாஸ் வகுப்புகளில் இன்றும் மோடல் பாடம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நன்றாக வாசிப்பது வேறு விஷயம். அதற்குச் சொல்ல ஏதாவது வேண்டும்.

அமெரிக்காவில் மட்டும் இதன் விற்பனைக் கணக்கு 2019-இல் ஐம்பது லட்சத்தைத் தொட்டுச் சான்றிதழ் பெற்றது. 2009-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை பொன்விழாத் தீர்மானம் போட்டது, எதிர்ப்பு ஓட்டு ஒன்றும் இல்லை. அந்த ஏழு பேரில் சேம்பர்ஸ் 33 வயதிலும் கோல்ட்ரேன் 40 வயதிலும் போனார்கள். கடைசியாக இருந்தவர் அந்தச் சிம்பலை அடித்த ஜிம்மி காப்; 2020 மே மாதம் காலமானார். ஸ்டூடியோவையும் எப்போதோ இடித்துவிட்டார்கள்.

மைல்ஸ் என்ன நினைத்தார்? 1964-இல் நியூயார்க் மேடையில் அவர் வாசித்த 'ஸோ வாட்' ரெக்கார்டாகக் கிடைக்கிறது. மூலத்தின் நிதானம் துளிகூட இல்லை, துரத்துகிற வேகம். தன் சுயசரிதையில் இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். ஆறு வயதில் ஆர்க்கன்சாவில் இரவு தேவாலயத்திலிருந்து இருட்டுச் சாலையில் நடந்து வரும்போது மரங்களுக்குப் பின்னாலிருந்து கேட்ட பாட்டு. பெரியவனான பிறகு கினி நாட்டு ஆட்டக் குழுவோடு வந்த கட்டைவிரல் பியானோவின் ஒலி. இந்த இரண்டையும் பிடிக்கத்தான் முயன்றாராம். பிடிபடவில்லை, தவறிவிட்டது என்கிறார். எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் 'ஆல் ப்ளூஸ்'ஸையும் 'ஸோ வாட்'டையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்.

சித்திக்கு இதைச் சொன்னேன். "அவனுக்கே தெரிஞ்சிருக்கு பாரு" என்றார். பிறகு, "இன்னொரு பக்கம் இருக்குன்னியே, அதைப் போடு" என்றார்.